தம்பியின் பணிவிலக்க வழக்கும் சைதாப்பேட்டை வழக்கறிஞர் அலுவலகமும்

ராணுவத்தில் காவல் நிற்கும்போது உறங்கியதாகச் சிவப்பு மைப் பதிவுகள் (கடுமையான தண்டனைகளைக் குறிக்கும் பதிவுகள்) நான்கு விழுந்து, 1954 ராணுவ விதிகளின் 13ஆம் விதிப்படி பணியிலிருந்து விலக்கப்பட்ட என் தம்பிக்கு, வீடு திரும்பிய பின் சென்னையில் செய்த உறக்கப் பரிசோதனையில்தான் நார்கோலெப்சி என்ற நோய் இருப்பது தெரிந்தது. பகலில் அடக்க முடியாத உறக்கம் வரும் இந்நோய், பலருக்கு ஆண்டுக்கணக்கில் பிடிபடுவதில்லை.

முன்னாள் படைவீரர் வழக்குகளை மட்டுமே நடத்தும் சைதாப்பேட்டை வழக்கறிஞர் அலுவலகத்தில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் தம்பியின் தண்டனைத் தாளையும் மருத்துவ அறிக்கையையும் அருகருகே வைத்து, பென்சிலால் தேதிக்குத் தேதி கோடிட்டார். மூன்றாம் பதிவுக்கு முந்தைய வாரமே தம்பி மயக்கமென்று மருத்துவப் பிரிவுக்குச் சென்றிருந்ததை அவர்தான் கண்டார். நாங்கள் அந்தத் தாளைப் பத்து முறையாவது பார்த்திருப்போம். நான்கு பதிவுகள் இருப்பதாலேயே விலக்கிவிட முடியாது, முதற்கட்ட விசாரணை வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதக் கெடு தாண்டினால் தாமத மன்னிப்பு மனு தேவை என்பதையும் வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்.

குறை, தொலைபேசியை எடுப்பதே இல்லை. நேரில்தான் செல்ல வேண்டும். கட்டணத்திற்கு ரசீது கேட்டுத்தான் வாங்கினோம். மனு தாக்கலாகிவிட்டது, விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறோம். ஐந்துக்கு நான்கு தருகிறேன்.