சிங்கிள் ஸ்பீடு சைக்கிளுக்கு இரண்டு பிரேக்கும் வேண்டுமா? ஆறு வருடம் ஓட்டியதில் தெரிந்தது

என்னிடம் ஆறு வருடமாக இருப்பது ஒரே சைக்கிள்தான். இரும்புச் சட்டம், முன்னால் 46 பல், பின்னால் 16 பல், கியர் மாற்றுகிற சமாசாரம் எதுவும் கிடையாது, பெடலை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 6 மீட்டர் போகும். வேலைக்குப் போக வர, சாமான் வாங்க, விடுமுறை நாளில் தூரமாக ஓட்ட, எல்லாவற்றுக்கும் இதுதான். மீட்டரில் 19,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இதே சைக்கிளை நான்கு விதமாக பிரேக் வைத்து ஓட்டியிருக்கிறேன்: ஃபிக்ஸ்டு கியரில் முன் பிரேக் மட்டும், ஃப்ரீவீலில் முன் பிரேக் மட்டும், சில வாரம் ஃப்ரீவீலில் பின் பிரேக் மட்டும், இப்போது ஃப்ரீவீலில் இரண்டும். ஒரு பிரேக் போதாதா, எதற்கு இன்னொரு ஒயர் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நினைத்தவன்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சிங்கிள் ஸ்பீடு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஃபிக்ஸ்டு கியரில் பின்சக்கரம் சுற்றுகிற வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலைச் சும்மா வைத்திருக்க முடியாது, ஆனால் காலால் எதிர்த்து அழுத்தினால் பின்சக்கரம் வேகம் குறையும். ஃப்ரீவீலில் காலை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும், பின்பக்கமாக மிதித்தால் டக் டக் என்று சத்தம்தான் வரும், வேகம் குறையாது. பல சைக்கிள்களில் பின் ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், இரண்டு பக்கமும் மரை இருக்கும், சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறிவிடலாம். என்னுடையதும் அப்படித்தான். சிக்கல் தொடங்குவதும் இங்கேதான், ஏனென்றால் திருப்பிப் போடுகிற அந்தப் பத்து நிமிடத்தில் சைக்கிள் ஒரு பிரேக்கை இழந்துவிடுகிறது, பார்வைக்கு எதுவும் மாறியிருக்காது.

முதல் ஒன்றரை வருடம் ஃபிக்ஸ்டு, முன் பிரேக் மட்டும். சொல்லப்போனால் குறையே இல்லை. முன்னால் கையால், பின்னால் காலால் என்று இரண்டு தனித்தனி வழி இருந்தது. காலால் வேகத்தை அடக்கி அடக்கி ஓட்டுவது நெரிசலில் எவ்வளவு நயமாக இருக்கும் என்பது ஓட்டினால்தான் புரியும். ஆனால் கால் போதும், முன் பிரேக்கே வேண்டாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். காலால் எவ்வளவு அழுத்தினாலும் அது பின்சக்கரத்தில்தான் வேலை செய்கிறது, பின்சக்கரத்தால் முடிகிற அளவுக்கு மேல் நிற்காது. இறக்கத்தில் பெடல் காலை விட வேகமாகச் சுற்றத் தொடங்கிவிட்டால் எதிர்த்து மிதிப்பதும் கடினம். சக்கரத்தைப் பூட்டித் தேய்த்து நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்களுக்கு டயரும் சீக்கிரம் போகும். இதில் ஒரு சின்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: முன்பல்லையும் பின்பல்லையும் பின்னமாக எழுதிச் சுருக்கினால் கீழே வருகிற எண்தான் டயரில் தேய்கிற இடங்களின் எண்ணிக்கை, எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துப் பூட்டுகிறவர்களுக்கு. 46க்கு 16 என்றால் 23க்கு 8, அதனால் எட்டு இடம். 48க்கு 16 என்றால் 3க்கு 1, ஒரே இடத்தில் தேய்ந்து டயர் ஓட்டையாகிவிடும். 47க்கு 17 போட்டால் பதினேழு இடம்.

அப்புறம் முழங்கால் வலி வந்தது. சக்கரத்தைத் திருப்பி ஃப்ரீவீலுக்கு மாறினேன். பின் பிரேக் போடவில்லை. முன் பிரேக் நன்றாக நிற்கிறது, சட்டம் சுத்தமாக இருக்கிறது, இன்னொரு ஒயர் எதற்கு என்பதுதான் யோசனை. பதினான்கு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் முன் பிரேக் ஒரு தடவைகூட என்னைக் கைவிடவில்லை என்பதால், ஒன்று போதும் என்பது எனக்கு நிரூபணமே ஆகிவிட்டது போல இருந்தது.

பதினைந்தாவது மாதம் ஒயர் அறுந்தது. சிறிய இறக்கம், கீழே சாலை சந்திப்பு, பெரிய வேகமும் இல்லை. லீவரைப் பிடித்தேன், பிட் என்று ஒரு சத்தம், லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. செருப்பைத் தரையில் தேய்த்தேன், அது எதற்கும் காணாது. ஓரமாக இருந்த புல்மேட்டில் ஏற்றிவிட்டுச் சாய்ந்தேன். முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். சந்திப்பில் அந்த நேரத்தில் ஒரு வண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் அந்த இறக்கத்தில் போகும்போது நினைப்பு வரும். பிறகு பிரித்துப் பார்த்தால் ஒயர் அறுந்திருந்தது லீவருக்குள்ளே, ஒயர் முனையில் இருக்கிற குண்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில். லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் ஒயர் அங்கே மடிகிறது, உள்ளே இருக்கிற மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாக முறிந்துகொண்டே வந்திருக்கின்றன, வெளியில் இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ஃபிக்ஸ்டாக இருந்திருந்தால் காலால் நிறுத்தியிருப்பேன். ஃப்ரீவீலில் அந்த ஒரு ஒயர்தான் எல்லாமே.

அந்த வாரம் பின் பிரேக் ஒன்று வாங்கி மாட்டினேன். முன் லீவரிலும் விரிசல் மாதிரி ஒன்று தெரிந்ததால் புது லீவர் வருகிற வரை சில வாரம் பின் பிரேக் மட்டும் வைத்து ஓட்ட வேண்டியிருந்தது. பின் பிரேக் மட்டும் என்பது எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் புரிந்தது. நடக்கிற வேகத்தில் சரி. கொஞ்சம் வேகம் எடுத்தால் பிடித்தவுடன் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது, சைக்கிள் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

புது லீவர் வந்ததும் ஆளில்லாத சமதளத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மீட்டரில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வைத்து, ஒவ்வொரு விதத்திலும் ஐந்தைந்து தடவை நிறுத்திப் பார்த்தேன். காய்ந்த தார்ச்சாலை. பின் பிரேக் மட்டும்: பத்து மீட்டருக்குக் கிட்டத்தட்ட. முன் பிரேக் மட்டும்: ஐந்தரையிலிருந்து ஆறு. இரண்டும் சேர்த்து: ஐந்தரைக்குப் பக்கம். இரண்டையும் பிடித்தால் பாதித் தூரத்தில் நிற்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். காரணம் எளிது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தால் தரையைப் பற்ற முடியாது. முன் பிரேக்கை நன்றாகப் பிடித்தால் ஒரு கட்டத்தில் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவே தொடங்கும், நிமிர்ந்து உட்காருகிற சாதாரண சைக்கிளில் அது புவியீர்ப்பு முடுக்கத்தில், அதாவது கீழே விழுகிற பொருள் வேகம் எடுக்கிற அளவில், பாதி அளவு வேகம் குறையும்போது நடக்கும். அந்த நேரத்தில் பின் பிரேக் செய்ய எதுவுமில்லை. பின் பிரேக் மட்டும் என்றால் அதில் பாதிதான், கால் பங்கு. கணக்கும் என் சாக்பீஸ் கோடும் ஏறக்குறைய ஒத்துப்போனது.

முன் பிரேக் பிடித்தால் தலைகீழாக விழுந்துவிடுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறவர்கள் நிறைய. பயம் பொய்யில்லை, ஆனால் பெரும்பாலும் விழுவது சைக்கிள் நின்றும் உடம்பு நிற்காததால்தான். கையை ஊன்றி, இடுப்பைப் பின்னால் தள்ளி, லீவரைத் திடீரென்று இழுக்காமல் இறுக்கிக்கொண்டே போனால் பயமில்லை. இங்கே பின் பிரேக் ஒரு நல்ல எச்சரிக்கை மணியும்கூட: இரண்டையும் பிடித்திருக்கும்போது பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் முன்பக்கம் எல்லையை நெருங்கிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

சரி, தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் பின் பிரேக் எதற்கு? ஒயர் அறுகிற நாளுக்கு, அதுதான் முதல் பதில். இன்னும் சில இருக்கின்றன. மழையில், சரளைக்கல்லில், திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்கினால் விழுந்துதான் ஆக வேண்டும், பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் டயர் பஞ்சரானால் முன் பிரேக்கைத் தொடவே கூடாது, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், எனக்கு இரண்டு தடவை அப்படி முன்னால் காற்று போயிருக்கிறது, இரண்டு தடவையும் பின் பிரேக்கால்தான் நின்றேன். நீண்ட இறக்கத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒரே ரிம் சூடேறாது, கைக்கும் ஓய்வு கிடைக்கும். ஒரு கையால் சைகை காட்டும்போதும் மற்ற கையில் ஏதாவது ஒரு பிரேக் இருக்கிறது.

பராமரிப்பில் பின் பிரேக் அதிகம் கேட்கவில்லை. முன் பிரேக் கட்டைகளை இதுவரை நான்கு தடவை மாற்றியிருக்கிறேன், பின் கட்டைகள் போட்டதேதான் இருக்கின்றன, பாதிகூடத் தேயவில்லை. முன் ஒயரை இப்போது வருடத்துக்கு ஒரு தடவை கேட்காமலே மாற்றிவிடுகிறேன், பின் ஒயரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. மாதம் ஒரு தடவை லீவரை முழுக்கப் பிடித்து, குண்டு இருக்கிற இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பேன், ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றம்தான். கட்டையில் அலுமினியத் துகள் பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுப்பேன், இல்லாவிட்டால் ரிம்மை அரித்துவிடும். மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரை வழிப்பதிலேயே போய்விடும் என்பதால் சந்திப்புக்கு முன்பே லேசாகப் பிடித்துவிடுவதும் பழகிவிட்டது.

பிரேக் பற்றி நாடுகளின் சட்டவிதிகள் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனின் 1983 விதிகளில் ஃப்ரீவீல் சைக்கிளுக்கு இரண்டு தனி பிரேக் வேண்டும், ஃபிக்ஸ்டு என்றால் முன் பிரேக் இருந்தால் போதும். ஜப்பானில் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். அமெரிக்காவின் தயாரிப்பு விதி மட்டும் பின் பிரேக் மட்டும் உள்ள சைக்கிளையும் அனுமதிக்கிறது. பின்னால் மிதித்தால் நிற்கிற கோஸ்டர் பிரேக் சைக்கிள்கள் அங்கே அவ்வளவு பரவலாக இருந்தன.

அந்த கோஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒயர் பார்வைக்குப் பிடிக்காதவர்களுக்கும், பின் பிரேக் மாட்டச் சைக்கிளின் இரும்புச் சட்டத்தில் ஓட்டையே இல்லாதவர்களுக்கும் அதுதான் நல்ல வழி. ஹப்புக்குள்ளே பிரேக், ஒயர் இல்லை, மழை ஒன்றும் செய்யாது. ஹப்பிலிருந்து நீளுகிற பக்கவாட்டுக் கையைச் சைக்கிள் சட்டத்தில் கிளிப் போட்டு இறுக்க மறக்கக் கூடாது, பிரேக்கின் விசை முழுவதையும் அதுதான் தாங்குகிறது. செயின் கழன்றால் பிரேக்கும் போச்சு. நீண்ட மலை இறக்கத்துக்கும் அது ஆகாது: 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய கோஸ்டர் சைக்கிள்களில் மலை இறங்கியவர்களுக்கு ஒரே இறக்கத்தில் ஹப்புக்குள் கிரீஸ் புகைந்துபோய், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது, அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. அதனால் கோஸ்டர் போட்டாலும் முன்னால் ஒரு கை பிரேக் கட்டாயம். அந்த முன் பிரேக்குக்கு ஃபோர்க்கில் ஓட்டை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே குனிந்து பார்த்துவிடுங்கள்.