தாழ்த்திய கெப், வெட்டிய சேசி: மூன்று ஆண்டுகளுக்குப் பின்

பின்னால் திறந்த பெட்டியுள்ள தமது பழைய கெப் வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, அதற்காக அதன் அடிச்சட்டமான சேசியையும் வெட்டி அமைக்கலாமா என்று மூதூரிலுள்ள நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அதே போன்ற வெட்டைத் திருத்திக்கொண்டு என் வண்டி கராஜிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தொலைபேசியில் கோபத்தோடு சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, வேறு வண்டி வாங்க வழியில்லாதிருந்த காலத்தில்தான் இருப்பதையே என் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தது. முதலில் பின்பக்கத்தை 4 அங்குலம் மட்டும் இறக்கினோம். பின்சக்கரங்களை இணைக்கும் அச்சுக்கும் அதன் மேலே செல்லும் சேசிக்கும் இடையிலிருந்த வெளி அந்த அளவுக்குக் குறைந்ததால், திருகோணமலை நிலாவெளி வீதியின் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு சேசியில் மோதி இடித்தது. அச்சுக்கு நேர் மேலே சேசியின் அடிப்பகுதியை அரைவட்டமாக வெட்டி, 6 மில்லிமீற்றர்த் தகட்டை அந்த வளைவுக்கு வளைத்து வெல்டிங்கில் ஒட்டிய அன்று அந்த இடி நின்றது. மீன் பெட்டிகளை நிறைய ஏற்றி அதே வீதியில் திரும்பி வந்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

பதினான்கு மாதங்களின் பின், மாரி முடிந்து வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவும்போது, கறுப்புப் பெயின்ற்றின் மேல் மயிரிழை போன்ற ஒரு துருக்கோட்டைக் கண்டேன். வெட்டிய இடத்தை வலுவூட்டச் சேசியின் பக்கத்தில் ஒட்டியிருந்த தகடு எங்கே முடிகிறதோ, அந்த ஒட்டின் ஓரத்திலேயே கீழ் விளிம்பில் தொடங்கி, ஒரு விரலளவு மேலே ஏறியிருந்தது வெடிப்பு. காரணம் எளியது. முதல் கராஜ்காரர்கள் அந்தத் தகட்டை நீள்சதுரமாக வெட்டி, அதன் முனையை மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் ஒட்டியிருந்தார்கள். சேசி ஓடும்போது வளைந்து நிமிர்வது. தடித்த பகுதி ஒரே கோட்டில் சட்டென்று முடியும்போது வளைவு முழுவதும் அந்தக் கோட்டில் குவிகிறது, அதே இடத்தில் ஒட்டின் சூடு பட்ட இரும்பும் இருக்கிறது. தகட்டின் முனையைச் சாய்வாக வெட்டியிருந்தால் அந்தப் பாரம் படிப்படியாகப் பரவியிருக்கும். கிரைண்டர் கையிலிருந்தது, ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆட்கள் வெட்டுவதற்கு முன் இரு பக்கமும் தாங்கு கொடுத்தார்கள், மூலைக்கு மூலை அளந்தார்கள், சூட்டில் முறுகாதிருக்க இடமும் வலமும் மாறிமாறி ஒட்டினார்கள். மூன்று ஆண்டுகளாக ரயர்கள் சமமாகவே தேய்கின்றன. இதை நான் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 7018 என்ற வகை வெல்டிங் குச்சியை, பிரித்த பெட்டியிலேயே கடற்காற்றில் விட்டிருந்தார்கள். அந்தக் குச்சி ஈரத்தை உறிஞ்சினால், ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் ஒட்டுக்குள் புகுந்து பின்னர் வெடிக்க வழிசெய்யும். திருகோணமலையில் குச்சியைச் சூட்டுப்பெட்டியில் வைப்பது கட்டாயம் என்றே கருதுகிறேன்.

பிரேக்கில் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வையும் அவர்கள் சரிசெய்யவில்லை. வண்டி தாழ்ந்திருப்பதைப் பாரம் ஏற்றியதாக அது எடுத்துக்கொண்டு பின்சக்கரங்களுக்கு அதிக அழுத்தம் கொடுத்தது. முதல் மழையில் உவர்மலை இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. அந்த வால்வின் தாங்கியை உயர்த்தியதும் அது தீர்ந்தது.

இம்முறை வேறொரு கராஜ். வெடிப்பின் நுனியில் துளையிட்டு, கோட்டை வி வடிவில் குடைந்து நிரப்பி, பழைய தகட்டை அகற்றி, முனைகள் கூர்ந்த புதிய தகட்டை வைத்தார்கள். செங்குத்தான ஒட்டு எங்குமே இல்லை. நீர் தங்காதிருக்க அடியில் இரண்டு துளைகளும் விட்டார்கள். வேலை மிக நன்று. மாதம் ஒருமுறை டோர்ச்சும் சிறு கண்ணாடியுமாக அடியில் படுத்து அந்த ஓரங்களைப் பார்க்கிறேன்.

நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஒட்டுபவர் தகட்டை எப்படி வெட்டுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க நேரமில்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. அவருக்கு அந்த நேரம் இல்லை. வண்டியைப் பழைய உயரத்துக்கே ஏற்றித் தரலாம் என்று இந்தக் கராஜில் என்னிடமும் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை.