மொபைல் தகவல் முறைமை ஆய்வு: வணிகப் பள்ளியா, கணினித் துறையா?

டிஜிட்டல் புத்தாக்கம், மொபைல் தகவல் முறைமைகள் என்று தலைப்பை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் போகிறவருக்கு முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று, வணிகப் பள்ளிக்குள் இருக்கும் தகவல் முறைமைகள் துறை. மற்றொன்று, கணினி அறிவியல் துறைக்குள் இருக்கும் மனித-கணினி ஊடாட்டக் குழு அல்லது மொபைல் கணிமைக் குழு. விண்ணப்பிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு இடத்திலும் திறன்பேசியைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இரண்டு இடத்திலும் பயனர்களைப் பேட்டி எடுக்கிறார்கள். ஐந்தாறு ஆண்டு கழித்து வெளியே வரும்போது எழுதியிருக்கும் கட்டுரை வேறு, தேடப்போகும் வேலை வேறு, வேலைக்கான தேர்வுக் குழு கேட்கும் கேள்வியும் வேறு.

பொதுவாகப் பேசினால் வித்தியாசம் பிடிபடாது. ஒரே ஆய்வை எடுத்து இரண்டு இடத்திலும் வைத்துப் பார்ப்போம்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் 40 செவிலியர்கள், 4 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் புதிதாக ஒரு மொபைல் செயலி தரப்படுகிறது: அடுத்து எந்த வீடு, என்ன மருந்து, என்ன குறிப்பு எல்லாம் அதில். செயலி வேலையை எப்படி மாற்றுகிறது என்று அறிய, ஆய்வாளர் இன்னொரு சிறு செயலி எழுதி, நாளுக்கு 5 முறை சீரற்ற நேரங்களில் ஒரு நிமிடக் கேள்வி அனுப்புகிறார். 8 வாரம். கணக்குப் போட்டால் 40 × 5 × 56 = 11,200 கேள்விகள். பத்தில் ஆறுக்குப் பதில் வந்தாலும் 6,720 பதிவுகள் கையில் இருக்கும்.

கணினித் துறையில் இது தாராளம். மனித-கணினி ஊடாட்டத் துறையின் முதன்மை மாநாடான சிஎச்ஐ-யின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரைகளை ஆராய்ந்தபோது, பங்கேற்பாளர் எண்ணிக்கையாக அதிகம் தென்பட்டது 12. அங்கே 40 பேரை 8 வாரம் பின்தொடர்ந்தது உழைப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதே தரவோடு வணிகப் பள்ளிக் கருத்தரங்கில் நின்றால் முதல் கேள்வி இப்படி வரும்: “உங்கள் கோட்பாடு நிறுவனத்தைப் பற்றியது. அப்படியானால் உங்களிடம் இருப்பது 6,720 அல்ல, 4.” தவறான கேள்வி இல்லை. ஒரே நிலையத்தில் வேலை செய்யும் செவிலியர்கள் ஒரே மேலாளர், ஒரே கால அட்டவணை, ஒரே பழக்கங்களைப் பகிர்கிறார்கள். நான்கு கொத்துகளை வைத்து நிறுவன மட்டத்தில் புள்ளியியல் முடிவு எதையும் சொல்ல முடியாது. தனிநபர் மட்டத்துக்குக் கேள்வியை இறக்க வேண்டும், அல்லது நான்கையும் நான்கு தனிநிகழ்வு ஆய்வுகளாக ஆழமாக எழுத வேண்டும். இதைத் தரவு சேகரிக்கும் முன்பே முடிவு செய்யாதவர்கள்தான் நான்காம் ஆண்டில் தவிக்கிறார்கள்.

ஒரே கோளாறு, இரண்டு விதி

இன்னும் கிட்டப் போவோம். கேள்வி அனுப்பும் செயலி ஐஃபோனில் இருக்கிறது, அறிவிப்புகளைத் தொலைபேசியே நேரம் பார்த்து எழுப்புமாறு முன்கூட்டி அடுக்கி வைத்திருக்கிறார் ஆய்வாளர். ஐஓஎஸ் ஒரு செயலிக்கு ஒரே சமயத்தில் 64 அறிவிப்புகளைத்தான் வரிசையில் வைத்திருக்கும். நாளுக்கு 5 என்றால் 12 நாளுக்குச் சரியாகப் போகும், 13ஆம் நாள் நான்கோடு தீர்ந்துவிடும். செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசை மறுபடி நிரம்பும்படி எழுதியிருந்தால், பதில் சொல்பவர்களுக்குப் பிரச்சினையே வராது. இரண்டு வாரம் விடுப்பில் போன செவிலியருக்கு? வரிசை காலி. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஒரு கேள்விகூட வராது, அவரும் ஆய்வு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். தரவில் பார்த்தால் ஆர்வம் இழந்து விலகியவர் போலவே இருப்பார்.

ஆண்ட்ராய்டில் தொல்லை வேறு வடிவம். 2015இல் வந்த 6.0 பதிப்பு, அசையாமல் கிடக்கும் தொலைபேசியில் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போட ஆரம்பித்தது. 2017இல் வந்த 8.0, பின்னணியில் இருக்கும் செயலிக்கு இருப்பிடத் தகவலை மணிக்குச் சில முறை மட்டும் தருவது என்று இறுக்கியது. இதற்கு மேல் சில தயாரிப்பாளர்கள் பேட்டரியை மிச்சம்பிடிக்கத் தங்கள் பங்குக்குப் பின்னணிச் செயலிகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே விடுபட்ட பதில்கள் எல்லாரிடமும் சமமாக விடுபடுவதில்லை. குறிப்பிட்ட மாடல் வைத்திருப்பவர்களிடம் குவிந்து விடுபடும். விலை குறைந்த மாடல் என்றால், வருமானம் குறைந்தவர்களின் குரல் தரவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறுகிறது என்று பொருள்.

கணினித் துறையில் இந்தக் கோளாறு கட்டுரையின் ‘வரம்புகள்’ பகுதியில் இரண்டு பத்தியாக முடியும். திறமையாகக் கையாண்டால் தனிக் கட்டுரையே ஆகும்: எந்தப் பதிப்பில், எந்த மாடலில் எத்தனை அறிவிப்பு தாமதமாகிறது, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை என்ன என்று எழுதலாம்.

தகவல் முறைமைத் துறையில் இதே கோளாறு ஆய்வின் மையத்துக்கே வரலாம். 2010இல் வெளியான, அந்தத் துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் ஒரு கட்டுரை டிஜிட்டல் பொருளைச் சாதனம், வலையமைப்பு, சேவை, உள்ளடக்கம் என்று நான்கு அடுக்குகளாகப் பிரித்தது. அடுக்குகள் ஒன்றோடொன்று தளர்வாகப் பிணைந்திருப்பதால்தான் யார் வேண்டுமானாலும் இடையில் புகுந்து புதிதாக ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது அதன் வாதங்களில் ஒன்று. நம் உதாரணத்தில் சாதன அடுக்கில் ஒரு நிறுவனம் எடுத்த பேட்டரி முடிவு, சேவை அடுக்கில் ஒரு செவிலியரின் வேலை நாளை மாற்றுகிறது. மருத்துவ நிலையத்துக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. தளத்தை வைத்திருப்பவர் வெளியாருக்குத் திறந்துவிடும் கருவிகளும் போடும் விதிகளும் புத்தாக்கத்தை எப்படித் தூண்டுகின்றன, எப்படிக் கட்டிப்போடுகின்றன என்ற கேள்வியில் 2008இல் ஆப் ஸ்டோர் திறந்ததிலிருந்து ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கோளாறை அந்த விவாதத்தில் கொண்டுபோய் வைக்க முடிந்தால் அதுவே பங்களிப்பு.

ஆனால் ஆய்வு முடிந்த பிறகு, “தரவு கெட்டுப்போச்சு, தள ஆளுகை (தளத்தை வைத்திருப்பவர் விதி போட்டுக் கட்டுப்படுத்துவது) என்று எழுதிவிடலாம்” என்றால் மதிப்பாய்வாளர் விடமாட்டார். ஆதாரம் கேட்பார். அதனால் எந்த வாசலில் போனாலும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு நேர முத்திரைகளைப் பதிய வேண்டும்: அடுக்கியது, திரையில் தோன்றியது, திறந்தது, பதில் அனுப்பியது. தொலைபேசி தோன்றிய நேரத்தைத் தராத இடத்தில், தரவில்லை என்பதையும் பதிய வேண்டும். கூடவே மாடல், இயங்குதளப் பதிப்பு, செயலிப் பதிப்பு, பேட்டரி அளவு. நாளுக்கு ஒரு முறை செயலி ‘உயிரோடிருக்கிறேன்’ என்று ஒரு சிறு செய்தி அனுப்பட்டும். 48 மணி நேரம் அது வராவிட்டால் அன்றே அந்த ஆளைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். முன்னோட்டத்தை ஒரே மாடல் வைத்திருக்கும் ஆய்வகத் தோழர்களிடம் நடத்தாமல், குறைந்தது நான்கு தயாரிப்பாளர்களின் தொலைபேசிகளில், முழுதாக இரண்டு வாரம் நடத்துங்கள். பத்து நாளில் நிறுத்திவிட்டால் மேலே சொன்ன 64 பிரச்சினை கண்ணிலேயே படாது.

கடிகாரம்

தகவல் முறைமைத் துறையில் கணக்கு ஆய்விதழில்தான். 1977இல் தொடங்கிய எம்ஐஎஸ் குவார்ட்டர்லி, 1990இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் ரிசர்ச் போன்றவற்றில் ஒரு கட்டுரை முதல் சமர்ப்பிப்பிலிருந்து ஏற்புவரை இரண்டு மூன்று ஆண்டுகள் எடுப்பது சாதாரணம். இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும்கூட நிராகரிப்பார்கள். ஐசிஐஎஸ் போன்ற தகவல் முறைமை மாநாடுகள் முகம் தெரிய உதவும், வேலைச் சந்தையில் ஆள் பார்க்க உதவும். பதவி உயர்வுக் குழுவின் தட்டில் அவற்றுக்கு எடை குறைவு.

கணினித் துறையில் மாநாடே முதன்மை. சிஎச்ஐ-க்கு இலையுதிர் காலத்தில் அனுப்பினால் அடுத்த வசந்தத்தில் அச்சில் இருக்கும். மொபைல், எங்கும் நிறைந்த கணிமை ஆய்வாளர்கள் கூடும் யுபிகாம்ப் சமூகம் 2017இலிருந்து தன் கட்டுரைகளை ஆய்விதழ் முறையில், ஆண்டில் பல தவணைகளாக வாங்குகிறது. நிராகரிப்பு இங்கும் உண்டு, விரைவில் வரும், அடுத்த தவணையும் விரைவில் வரும்.

வணிகப் பள்ளிகளில் பட்டியல் மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. தகவல் முறைமை ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கமான ஏஐஎஸ்-இன் மூத்த அறிஞர்கள் வைத்திருக்கும் ஆய்விதழ்ப் பட்டியல் முதலில் 6, 2011இல் 8, 2023இல் 11 என்று நீண்டது. ஃபைனான்ஷியல் டைம்ஸின் 50 இதழ்ப் பட்டியலில் ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழக டாலஸ் வளாகம் வைத்திருக்கும் 24 இதழ்ப் பட்டியலில் அது கிடையாது. அதே கட்டுரை ஒரு பள்ளியில் தங்கம், இன்னொரு பள்ளியில் பித்தளை. நியமன ஆணையில் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பட்டியல் என்று கேட்பது அநாகரிகம் இல்லை.

எங்கே சறுக்குவார்கள்

வணிகப் பள்ளியில் பெரும் சறுக்கல் மலிவான கணக்கெடுப்பு. மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்கும் 1989இன் தொழில்நுட்ப ஏற்பு மாதிரியையும், 2003இல் அதையும் வேறு சில மாதிரிகளையும் இணைத்து வந்த மாதிரியையும் எடுத்து, ஒரு மாறியைச் சேர்த்து, 300 பேரிடம் இணையப் படிவம் நிரப்பி வாங்கினால் ஒரு கட்டுரை ஆகிவிடும் என்ற நினைப்பு. ஆகும், ஆனால் நல்ல இடத்தில் ஆகாது. காரணமும் விளைவும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் ஒரே படிவத்தில் கேட்கப்பட்டிருப்பதால், எண்களுக்கிடையே தெரியும் உறவு கேள்வித்தாளின் சாயையாகவே இருக்கலாம். பயன்பாட்டுப் பதிவை நேரடியாகத் தொலைபேசியிலிருந்தும், மனப்பான்மையைப் படிவத்திலிருந்தும் எடுத்தால் இந்த ஓட்டையின் பெரும்பகுதி அடைபடும்.

செயலி கட்டி அதையே ஆய்வாக்க விரும்பும் வணிகப் பள்ளி மாணவர் ‘வடிவமைப்பு அறிவியல்’ என்ற பாதையைப் பிடிப்பார். 2004இல் அதற்கு அந்தத் துறையில் நல்ல அங்கீகாரம் கிடைத்தது, 2007இல் ஆறு படிகளாக ஒரு செயல்முறையும் வந்தது. படிகளைப் பின்பற்றுவது எளிது. கடைசியில் எழுதும் வடிவமைப்பு நெறிதான் பலருக்கு வழுக்கும். “செயலி பயனரின் சூழலுக்கு ஏற்ப இருக்க வேண்டும்” என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை, யாருக்கும் பயனும் இல்லை. “கையுறை போட்டிருக்கும் நேரத்தில் பதிவைக் கேட்காதே, வண்டியில் ஏறியதும் கேள், ஏனென்றால் நினைவு அதற்குள் மங்குவதில்லை” என்றால் அதைச் சோதித்துப் பொய்யாக்க முடியும். பொய்யாக்க முடிந்தால்தான் நெறி.

கணினித் துறையில் சறுக்கல் நேரெதிர்: மாணவர் ஆய்வாளராக இல்லாமல் பராமரிப்புப் பொறியாளராகிவிடுவது. இரண்டு இயங்குதளம், இரண்டு செயலிக் கடை, ஆண்டுக்கொரு பெரிய பதிப்பு மாற்றம், கடையின் தனியுரிமை விதி மாறும்போதெல்லாம் மறு சமர்ப்பிப்பு. பங்கேற்பாளருக்கு ஒரே வகைத் தொலைபேசியை இரவல் கொடுத்தால் இது பாதியாகும். ஆனால் இரவல் தொலைபேசி மேசை இழுப்பறையில் கிடக்கும், சொந்தத் தொலைபேசிதான் சட்டைப் பையில் இருக்கும். அன்றாடப் பழக்கம்தான் கேள்வி என்றால் இரவல் தொலைபேசி உதவாது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தகவல் பள்ளிகளும் (தகவலையும் அதன் பயன்பாட்டையும் படிக்கும் தனிப் பள்ளிகள்) பெருநிறுவன ஆய்வகங்களும் உண்டு. முன்னதில் பன்முக ஆய்வுக்கு இடம் அதிகம், வேலை எண்ணிக்கை குறைவு. பின்னதில் கோடிக்கணக்கான பயனர் தரவு கிடைக்கும், வெளியிடுவதை முடிவு செய்வது நீங்கள் இல்லை.

ஒரே தரவில் இரண்டு சமூகத்துக்கும் எழுதலாமா? எழுதலாம், வரிசை தவறக்கூடாது. கருவியையும் களத்தையும் விவரிக்கும் கணினிக் கட்டுரை முதலில் வர வேண்டும். இரண்டு ஆண்டில் இயங்குதளம் மாறி அதன் செய்தி பழசாகிவிடும். கோட்பாட்டுக் கட்டுரை பொறுக்கும், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வரட்டும். இரண்டின் ஆய்வுக் கேள்வியும் வேறாக இருக்க வேண்டும், ஒரே தரவு என்பதை ஆசிரியருக்கான கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் இரண்டும் போகும். ஆனால் நிரந்தரப் பணிக்கு முந்தைய ஆண்டுகளில் இதை ஒருமுறைக்கு மேல் செய்தால் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்தான். ஒவ்வொரு குழுவும் மறுபாதியைக் கணக்கிலேயே எடுக்காது.

நம் கணிப்பு இது. கோளாறு வந்ததும் கை தானாக நிரலைத் திறக்கப் போகிறதென்றால் கணினித் துறை. இதை யார் முடிவு செய்தார்கள், யாருக்கு இதில் லாபம் என்று மனம் போகிறதென்றால் வணிகப் பள்ளி. பல நாடுகளில் வணிகப் பள்ளிச் சம்பளம் கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் கோட்பாட்டுப் பகுதியை நான்காம் முறை திருத்தி எழுதப் பிடிக்காதவருக்கு அந்த வித்தியாசம் மூன்றாம் ஆண்டிலேயே சிறிதாகிவிடும்.

சேரும் முன் நெறியாளரின் கடைசி ஐந்து மாணவர்களின் ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். தொகுத்த கட்டுரைகளா, ஒற்றை நூலா? முதல் கட்டுரை எந்த ஆண்டில் வந்தது? செயலியை யார் எழுதினார்கள், மாணவரா, சம்பளத்துக்கு அமர்த்திய நிரலரா? பங்கேற்பாளர் தரவு எந்தச் சேவையகத்தில் கிடக்கிறது, நெறியாளர் வேறு பல்கலைக்கழகம் போனால் அது யாருடன் போகும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வழியில் அறநெறிக் குழு அனுமதியை வேறு நிறுவனத்துக்கு மாற்ற நேர்ந்தால், 40 செவிலியரிடமும் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டிவரலாம். அதற்குள் அவர்களில் பாதிப் பேர் வேலை மாறியிருப்பார்கள்.