349 ரூபாய் ஈரமானி

வீட்டுக்குள் இருக்கும் செடிகளுக்கென்று பேத்தி இணையத்தில் வரவழைத்துக் கொடுத்த கருவி இது. பச்சைத் தலை, கீழே இரண்டு உலோகக் கம்பிகள். ஈரம், வெளிச்சம், அமிலத்தன்மை மூன்றையும் காட்டுமாம். பேட்டரி கிடையாது.

பேட்டரி இல்லாமல் முள் எப்படி நகர்கிறது? இயற்பியல் வாத்தியார் புத்தி முதலில் அங்கேதான் போயிற்று. கம்பிகள் இரண்டும் வேறு வேறு உலோகம். எலுமிச்சம்பழத்தில் செம்பையும் துத்தநாகத்தையும் செருகி மின்சாரம் எடுத்துக் காட்டுவோமே, அதே சங்கதி. ஆக, இது அளப்பது ஈரத்தை மட்டும் அல்ல; ஈரத்தில் கரைந்துள்ள உப்பையும் சேர்த்துத்தான்.

சோதித்தும் பார்த்தேன். பெரும்பாலான உப்பை வடிகட்டி நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஒரு டம்ளரில் வைத்தால் முள் பாதியிலேயே நின்றது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு ‘பாதி ஈரம்’ என்கிறது! ஒரு சிட்டிகை உப்புப் போட்டதும் கடைசிக் கோட்டுக்குத் தாவியது. உரம் போட்ட தொட்டியிலும், போர் தண்ணீரின் உப்புப் படிந்த தொட்டியிலும் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. தென்னைநார்த் தூள் கலவையில் இதற்கு நேர்மாறு. மண் பொலபொலவென்று கம்பியில் ஒட்டாமல் இருப்பதால், நனைந்திருக்கும்போதே வறட்சி என்கிறது. அதைக் கேட்டு மேலும் ஊற்றினால் பீஸ் லில்லியின் வேர் அழுகிவிடும்.

விரல் எட்டாத ஆழமான தொட்டிக்கு மட்டும் ஓரளவு உதவுகிறது. ஸ்நேக் பிளான்ட் தொட்டியில் மேல்மண் காய்ந்தும் அடியில் ஈரம் தங்கியிருந்ததைச் சரியாகவே காட்டியது. ஒரே தொட்டியில் நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் ஒப்பிடலாம். இரண்டு தொட்டிகளை ஒப்பிடக் கூடாது.

நான் எதிர்பாராமல் பயன்பட்டது வெளிச்சமானி. மங்கிய இடத்துக்கும் நம் கண் பழகிக்கொள்கிறது, முள் பழகுவதில்லை. கூடத்து மூலை நல்ல வெளிச்சம் என்றே வீட்டில் எல்லோரும் சாதித்துக்கொண்டிருந்தோம். அங்கே முள் அசையவே இல்லை. மணி பிளான்ட் இத்தனை நாளாக ஒரு புது இலைகூட விடாததற்குக் காரணம் புரிந்தது. இப்போது அது ஜன்னலோரம் வந்துவிட்டது.

அமிலத்தன்மை அளவு வெறும் அலங்காரம். புளித்தண்ணீருக்கும் சமையல் சோடா கரைசலுக்கும் ஏறக்குறைய ஒரே எண்.

கம்பியை மண்ணிலேயே விட்டுவைத்தால் அரித்துப்போகும்; அளந்ததும் துடைத்து வைக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று நட்சத்திரம் கொடுக்க இருந்தேன், இதற்காகவே ஒன்றைக் குறைத்துவிட்டேன்.