ஏற்காட்டு மார்கழிக்கு எந்த விளக்கு?

மார்கழியில் ஏற்காடு போக டயருக்குச் சங்கிலி வேண்டாம், ரேடியேட்டர் உறைந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். நம் ஊர்க் குளிரில் வண்டிக்கு எதிரி பனிமூட்டம்தான். சேலத்தில் வானம் பளிச்சென்று இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் பானெட்டுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்.

கடையில் மூன்று வழி சொல்வார்கள்.

முதல் வழி, 60/55 வாட் (தூர ஒளியான பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடுவது. செலவு குறைவு. ஆனால் ரிலே (விளக்குக்கு பேட்டரியிலிருந்து தனி வயரில் மின்சாரம் விடும் சுவிட்ச்) இல்லாமல் மாட்டினால் வயரும் ஹோல்டரும் சூடு தாங்காமல் உருகும், சட்டப்படியும் கூடாது. இதை இங்கேயே தள்ளிவிடலாம்.

இரண்டாவது, பழைய ஹெட்லைட்டுக்குள் வெள்ளை எல்.இ.டி. பல்பு. நான் ஏமாந்தது இதில்தான். பைபாஸில் பட்டப்பகல் மாதிரி இருந்தது, பெருமையாகக்கூட இருந்தது. மலையில் ஏறியதும் கண் கூசி ஓரமாக நிறுத்திவிட்டேன். ஹாலஜன் இழை எந்த இடத்தில் எரியுமோ, அதற்கு ஏற்றபடி வளைத்த ரிஃப்ளெக்டர் அது. அதில் வேறு பல்பு உட்கார்ந்தால் ஒளி சிதறி மேலேயும் போகிறது. மேலே போன ஒளி பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. பனியில் பிரைட் போட்டாலும் இதே கதைதான். எதிரே வருகிறவர் பாடு இன்னும் மோசம்.

மூன்றாவது, பம்பரில் தாழ்வாகப் பொருத்தும் ஃபாக் லேம்ப். ஒளி அகலமாகப் பரவும், மேல்பக்கம் கோடு போட்டதுபோல் வெட்டியிருக்கும். தூரம் தெரியாது, சாலையோர வெள்ளைக் கோடும் தடுப்புச் சுவரும் தெரியும். வளைவில் அது போதும், ஆனால் வண்டி ஊர்ந்துதான் போகவேண்டும்.

சரி, மஞ்சளா வெள்ளையா? மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். பிரான்சில் 1993 வரை ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்கவேண்டும் என்றிருந்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். எனக்கு மஞ்சள் கண்ணை உறுத்தவில்லை, அதனால் மஞ்சள். விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பாருங்கள்.

விளக்கு சரியாக இருந்தும் கண்ணாடி உள்ளே மங்கினால் பயனில்லை. துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் மறுபடி மங்கும். ஹீட்டர் மட்டும் போட்டால் கண்ணாடி சூடாகும், நாலு பேர் விடும் மூச்சின் ஈரம் உள்ளேயே சுற்றும். ஏ.சி. காற்றின் ஈரத்தை இழுத்துவிடும், அதனால் ஏ.சி.யை ஓடவிட்டு, குளிர்-சூடு மாற்றும் திருகை வெதுவெதுப்புப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வைத்துக் கண்ணாடியில் அடிக்கவிடுங்கள். "குளிரில் எதுக்குப்பா ஏ.சி.?" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்பார். கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் மட்டும் உள்ளே கண்ணாடியில் அடிக்கும் காற்று மிகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். திருகை இன்னும் கொஞ்சம் திருப்பி, வைப்பரை ஒருமுறை போட்டால் போதும்.

பழைய ஹாலஜன் பல்பையே திரும்ப மாட்டி, கீழே இரண்டு மஞ்சள் விளக்கு வைத்துக்கொண்டேன். அந்த எல்.இ.டி. ஜோடி டிக்கியில் கிடக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டான். கொடுக்க மனசு வரவில்லை.