ஔவையாரைத் தேடித்தந்த சோலர்: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளை நிறுவி நான்கு ஆண்டு ஆகிறது. அதற்கு முன் இணையதளத்தில் இருந்தது கூகுளின் இலவசத் தேடுபெட்டி. அரை மணி நேரத்தில் வைத்துவிடலாம். எழுத்துப்பிழையையும் அதுவே சமாளிக்கும். ஆனால் எங்கள் சரக்கில் பாதி கூகுள் எட்டிப்பார்க்க முடியாத இன்ட்ராநெட்டில், அதாவது கல்லூரிக்குள் மட்டும் இயங்கும் வலையில் கிடந்தது: சுற்றறிக்கைகள், பழைய வினாத்தாள்கள், துறை மலர்கள். நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள கூகுள் ஒரு காலத்தில் மஞ்சள் நிறத் தேடல் பெட்டி ஒன்று விற்றது. 2016-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. கட்டணத் தளத்தேடலையும் 2018-இல் மூடிவிட்டது. அடுத்தவர் திண்ணையில் கடை போட்டால் இப்படித்தான்.

சோலரா, இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச்சா என்று பெரிய ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. இரண்டுக்கும் அடியில் லூசீன் என்ற ஒரே தேடல் நிரல்தொகுப்புதான். ஏற்கெனவே டிஸ்பேஸ் என்ற மின்னூல் களஞ்சிய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது, அதன் வயிற்றுக்குள் இருப்பது சோலர். கைப்பழக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டோம்.

அப்புறம்தான் ஔவையார் வந்தார். பட்டியலில் பாதிப் புத்தகங்களில் அவர் பெயர் ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தில் தொடங்கும்; மீதியில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக அடித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றேதான்; கணினிக்கு இரண்டு. ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் சீராக்கமும் இவற்றைச் சேர்க்காது. நான் கெட்டிக்காரத்தனமாக, தேடும் சொல்லில் ‘ஒள’ வந்தால் ‘ஔ’ ஆக்கு என்று ஒரு விதி எழுதினேன். மறுநாளே இயற்பியல் பேராசிரியர் வந்து நின்றார்: “என்ன சார், ஒளியியல்னு போட்டா ஒரு புத்தகம்கூட வரலையே?” அவருடைய ஒளியையும் என் விதி விழுங்கியிருந்தது. ‘ஒளவ’, ‘ஒளட’ என்று வரும் இடங்களில் மட்டும் மாற்றும்படி திருத்தி, தேடும் சொல்லுக்கும் சேமித்த சொல்லுக்கும் ஒருசேரப் பொருத்தி, சோலர் தேடிப்பார்க்கும் சொல் அட்டவணையை இரவோடு இரவாக மறுபடி உருவாக்கினேன்.

‘நூலகம்’ என்று தேடினால் ‘நூலகத்தில்’ வரவேண்டும் அல்லவா? அதற்குச் சொல்லின் விகுதியை வெட்டும் ஸ்னோபால் தமிழ் வேர்ச்சொல் பிரிப்பான் உதவுகிறது. சில நேரம் கூடுதலாகவே வெட்டிவிடும். அதனால் வெட்டாத சொற்களுக்கு அட்டவணையில் தனிப் புலம் (field) வைத்து, அதில் பொருந்துவதற்கு அதிக மதிப்பெண் கொடுத்திருக்கிறோம்.

தீராத தலைவலி பிடிஎஃப். உள்ளிருக்கும் எழுத்தை டிக்கா என்ற மென்பொருள் உருவித் தரும். சரி, உள்ளே தமிழ் இருந்தால்தானே? பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த மலர்களில் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றை எழுத்துரு மாற்றியிலும், வெறும் ஸ்கேன்களைப் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்டிலும் போட்டு எடுக்கிறோம். இன்னும் இரண்டு அலமாரி பாக்கி.

ஒரு எச்சரிக்கை: யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சோலர் தானாகத் தீர்மானிக்காது. முதல் மாதம் ஊழியர்களுக்கான ஒரு கடிதத்தின் முதல் இரண்டு வரி மாணவர்களின் தேடலில் எட்டிப்பார்த்துவிட்டது. இப்போது பொதுத்தளத்துக்கும் இன்ட்ராநெட்டுக்கும் தனித்தனி அட்டவணை.

திங்கள்கிழமை தோறும் விடையே கிடைக்காத தேடல்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கிறேன். போன வாரம் முதலிடம் ‘ஹால் டிக்கெட்’. எங்கள் சுற்றறிக்கைகளில் அது எப்போதும் ‘தேர்வு நுழைவுச்சீட்டு’. இணைச்சொல் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.