வறட்சி வாரங்களில் பினாங்கில் பட்டாசு: முழுத் தடையா, ஒரே திடலா?

தீபாவளிக்குப் பெரும்பாலும் மழை துணைக்கு வரும். சீனப் புத்தாண்டும் அதன் 9ஆம் நாள் வரும் ஹொக்கியன் சீனர்களின் கொண்டாட்டமும் விழுவதோ ஜனவரி, பிப்ரவரியில். பினாங்குத் தீவில் மழை குறைந்து, லாலாங் எனும் உயரமான காட்டுப்புல் காய்ந்து கிடக்கும் நேரம்.

முழுத் தடை போட்டால் சட்டம் எளிது, கண்காணிப்பு கடினம். வெடிப்பவர்கள் பின்சந்துக்கும் மலையடிவாரத்துக்கும் நகர்ந்துவிடுவார்கள். போம்பா (தீயணைப்புப் படை) வண்டி நுழையச் சிரமமான இடங்களும் அவைதான். கம்பி மத்தாப்பு கூட 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அணைந்த சூட்டோடு கம்பியைப் புல்லில் எறிந்தாலே போதும், தீப்பிடிக்கும்.

பாடாங் கோத்தா போன்ற கடலோரத் திடலில் மட்டும் அனுமதித்தால் தண்ணீரும் ஆட்களும் ஓரிடத்தில் இருக்கும். சிக்கல் காற்று. வடகிழக்குக் காற்று கடலிலிருந்து வீசினால் மேலே பறக்கும் வாணத்தின் பொறி ஜார்ஜ் டவுன் நகரின் பழங்கடைவீட்டுக் கூரைகளுக்கே திரும்பும். சருகு அடைத்த தவாளியில் (கூரை நீர் வடியும் குழாயில்) அது புகைந்து, நள்ளிரவுக்குப் பிறகும் பற்றலாம். ஆகவே திடலிலும் வாணம் வேண்டாம், தரையில் எரிவது மட்டும். சுற்றுப் புல்லை முன்பே நனைக்க வேண்டும். எரிந்த மிச்சத்தை வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தே குப்பையில் போட வேண்டும்.

நமக்குத் திடலே சரியெனப் படுகிறது. மலையோரக் குடியிருப்புகளுக்கு மட்டும் முழுத் தடை.